எழுத்தில் இல்லாத வேலை: டெரெக் பூகார்ட் என்ற ஐஸ் ஹாக்கி அடியாள்

மகன் செத்த பிறகு லென் பூகார்ட் காகிதம் சேர்க்க ஆரம்பித்தார். கனடாவின் ஆர்.சி.எம்.பி. காவல்துறையில் வேலை பார்த்தவர். துக்கம் வந்தாலும் போலீஸ்காரருக்குக் கை போகும் இடம் ஃபைல்தான் போலிருக்கிறது. மருந்துச் சீட்டு, மருத்துவக் குறிப்பு, போன் பில் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கித் தேதிவாரியாக அடுக்கினார். அவற்றில் ஒரு பகுதி பின்னர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. 2008–09 சீசனில் மட்டும் அவர் மகனுக்கு ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரைகளுக்குக் குறைந்தது 25 சீட்டுகள் எழுதப்பட்டிருந்தன. மொத்தம் 622 மாத்திரைகள். எழுதியவர்கள் 10 டாக்டர்கள். அவர்களில் எட்டுப் பேர் மகன் ஆடிய அணியின் டாக்டர்கள்.

ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இருக்காது. மூக்கு உடைந்திருக்கும், பல் போயிருக்கும், முதுகு வலித்திருக்கும். வலிக்கு மாத்திரை. கூட்டிப் பார்த்தால்தான் திக்கென்கிறது. கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அப்பா உட்காரும்வரை.

டெரெக் பூகார்ட் 2011 மே 13 அன்று மினியாபொலிஸ் நகரத்தில் தன் அபார்ட்மென்டில் இறந்து கிடந்தார். மதுவும் ஆக்ஸிகோடோனும் சேர்ந்ததால் ஏற்பட்ட விபத்து மரணம் என்றது பரிசோதனை அறிக்கை. வயது 28. என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீகில் 277 ஆட்டம் ஆடியவர். அதில் அடித்த கோல் மூன்று. தப்பு செய்தவரைத் தண்டனையாக உட்காரவைக்கும் பெனால்டி பெட்டியில் அவர் கழித்த நேரம் 589 நிமிடம். ஒரு ஆட்டம் 60 நிமிடம் என்று வைத்தால், கிட்டத்தட்ட பத்து முழு ஆட்டங்களைப் பெட்டிக்குள் கழித்திருக்கிறார். அவருடைய வேலை என்ன என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

என்ன வேலை அது

ஆங்கிலத்தில் என்ஃபோர்சர் என்பார்கள். தமிழில் அடியாள் என்றால் பாதி சரி. முதலாளிக்காக அடிப்பவர், அடி வாங்குபவர், தனக்கென்று சொந்தப் பகை இல்லாதவர் என்பதெல்லாம் பொருந்தும். ஆனால் நாம் அறிந்த அடியாள் இருட்டில் வேலை செய்வான். இவர் பதினெட்டாயிரம் பேர் எழுந்து நின்று கத்த, ஒளிவெள்ளத்தில், ரெஃப்ரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அடிப்பார்.

இந்த ஆட்டத்தை டி.வி.யில் முதல் தடவை பார்க்கிற யாரும் கேட்பது, ரெஃப்ரி ஏன் விலக்கிவிடாமல் நிற்கிறார் என்பதுதான். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1922இல் என்.எச்.எல். ஒரு விதி போட்டது. கைகலப்பில் இறங்கினால் ஐந்து நிமிடம் பெட்டிக்குள் உட்கார வேண்டும். அவ்வளவுதான். வேறு பெரும்பாலான விளையாட்டுகளில் எதிராளியின் முகத்தில் குத்தினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, அடுத்த சில ஆட்டங்களும் போகும். இங்கே ஐந்து நிமிடம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேரும் உட்காருவார்கள். அவர்களுக்குப் பதில் ஆள் இறங்கலாம் என்பதால் களத்தில் ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கு மாறாது. அணிக்கு நஷ்டமே இல்லை. உட்கார்ந்தவர் எப்படியும் கோல் அடிக்கிற ஆளும் இல்லை.

அப்படியானால் எதற்கு இந்தச் சண்டை? அடியில் கத்தி போன்ற தகடு பதித்த சறுக்குக் காலணியைக் கட்டிக்கொண்டு, கையில் தடியுடன், பெரிய உடம்புகள் வேகமாக மோதிக்கொள்ளும் ஆட்டம் இது. நட்சத்திர வீரரை எதிரணி குறிவைத்து இடிக்கும், தடியால் மணிக்கட்டில் தட்டும். எல்லாம் ரெஃப்ரி கண்ணில் படாது. 'எங்கள் ஆளைத் தொட்டால் இவன் வருவான்' என்று காட்ட ஒருவன் பெஞ்சில் இருந்தால் போதும், தடி கொஞ்சம் தாழும் என்பது பழைய நம்பிக்கை. எட்மன்டன் அணியின் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு முதலில் டேவ் செமென்கோ, பிறகு மார்ட்டி மெக்ஸோர்லி காவல். 1988இல் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றபோது அதே பேரத்தில் மெக்ஸோர்லியும் கூடவே போனார். வைரத்தை விற்கும்போது பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி.

இந்த நம்பிக்கை உண்மையா என்றால், எனக்குச் சந்தேகம்தான். பெரும்பாலும் ஒரு அணியின் அடியாள் மற்ற அணியின் அடியாளோடுதான் மோதினார். நட்சத்திரத்தை இடித்தவன் தூர நின்று வேடிக்கை பார்த்தான்.

சண்டைக்கென்று ஒரு முறை இருக்கிறது. 'போடலாமா?' என்று ஒருவர் கேட்பார், மற்றவர் தலையசைப்பார். தடி கீழே விழும், கையுறைகள் உதிரும். பனியில் நின்றுகொண்டு குத்துவிட்டால் கால் வழுக்கும், குத்தில் வலு இறங்காது. அதனால் இடது கையால் எதிராளியின் ஜெர்சியைத் தோள் அருகே கொத்தாகப் பிடித்து அதையே ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு வலது கையால் அடிப்பார்கள். பிடி கிடைத்தவனுக்குப் பாதி வெற்றி. பஃபலோ அணியில் ராப் ரே என்று ஒருவர் சண்டை தொடங்கியதும் ஜெர்சியை உருவிப் போட்டுவிடுவார், பிடிக்க ஒன்றும் இருக்காது. அவரால்தான் ஜெர்சியைப் பின்பக்கம் ஒரு பட்டையால் கால்சட்டையோடு பிணைக்க வேண்டும், பிணைக்காமல் கழன்றால் வெளியேற்றம் என்று விதி வந்தது. சண்டையை நிறுத்தாமல் சட்டையைக் கட்டச் சொன்ன விதி.

பெரும்பாலான சண்டை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒருவர் விழுந்ததும் லைன்ஸ்மன்கள் என்ற துணை நடுவர்கள் இடையில் புகுவார்கள். பார்ப்பவர் முகத்தைப் பார்ப்பார். சேதம் கையில்தான் அதிகம். வெறும் முஷ்டி ஹெல்மெட்டில் போய் இறங்கும். விரல் மூட்டு விரியும், தோல் கிழியும், ஆறுவதற்குள் அடுத்த சண்டை வரும்.

சஸ்காச்சுவான் பையன்

பூகார்ட் 1982 ஜூன் 23 அன்று சஸ்கட்டூனில் பிறந்தார். அப்பாவுக்கு மாற்றல் வரும் வேலை என்பதால் சஸ்காச்சுவான் மாகாணத்தின் சின்னச் சின்ன ஊர்களில் வளர்ந்தார். ஒவ்வொரு ஊரிலும் புதுப் பையன், அதுவும் வயதுக்கு மீறி வளர்ந்த பையன். கனடாவின் சமவெளி ஊர்களில் பனி அரங்கம்தான் ஊர்ச்சாவடி. அங்கே இடம் கிடைத்தால் ஊரில் இடம் கிடைத்த மாதிரி.

சறுக்குவதில் அவர் பெரிய கெட்டிக்காரர் இல்லை. மெல்ஃபர்ட் என்ற ஊரில் ஆடிக்கொண்டிருந்தபோது, பதினைந்து பதினாறு வயதில், ஒரு ஆட்டத்தில் கோபம் தலைக்கேறி எதிரணி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குள்ளேயே புகுந்து கையை வீசினார். பையன்கள் சிதறி ஓடினார்கள். அன்று அரங்கத்தில் ரெஜினா பாட்ஸ் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் இருந்தார்கள். வேறு எந்தத் துறையிலும் அந்தப் பையனின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கும். இங்கே ஆள் எடுக்கும் பட்டியலில் ஏறியது.

இந்தக் கதையில் முதலில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். வீட்டிலும் பள்ளியிலும் கண்டிக்கப்படும் ஒரு காரியத்துக்கு, ஹாக்கி மட்டும் வேலை கொடுக்கிறது. அந்த வயதுப் பையன் எதை எடுத்துக்கொள்வான்?

ரெஜினா, பிரின்ஸ் ஜார்ஜ், மெடிசின் ஹாட் என்று இளையோர் லீகில் ஊர் ஊராகப் போனார். அந்த வயதில் வீட்டைவிட்டுப் போய் யாரோ ஒரு குடும்பத்தில் தங்கி ஆடுவது அங்கே வழக்கம். 2001இல், என்.எச்.எல். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில், மினசோட்டா வைல்ட் அணி அவரை ஏழாவது சுற்றில், 202வது ஆளாக எடுத்தது. கோலுக்காக எடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் 'சண்டை' என்று ஒரு வார்த்தை இருக்காது. விதிப்புத்தகத்திலும் அப்படி ஒரு பதவி கிடையாது. அவர் காகிதத்தில் இடதுபக்க முன்கள வீரர், அதாவது லெஃப்ட் விங்.

பிறகு லூசியானாவில் ஐஸ்கேட்டர்ஸ் அணி. சதுப்பு நிலமும் முதலையும் உள்ள ஊரில் பனி ஹாக்கி நடந்தது என்பதே ஒரு தனிக்கதை. அடுத்து ஹூஸ்டன் ஏரோஸ். சறுக்கலைத் திருத்திக்கொள்ள உழைத்தார், குத்துச்சண்டைப் பயிற்சியும் எடுத்தார். 2004–05 சீசன் சம்பளத் தகராறில் முழுவதும் ரத்தாகி, திரும்பி வந்தபோது வேகத்துக்குச் சாதகமாக விதிகள் மாறியிருந்தன. அடியாட்களின் காலம் முடிந்தது என்று பேச்சு. அந்த 2005 இலையுதிர்காலத்தில்தான் ஆறடி ஏழு அங்குலம், 120 கிலோ எடையோடு பூகார்ட் என்.எச்.எல். பனியில் கால் வைத்தார்.

ஒரு குத்து

2006 அக்டோபர் 27, எதிரணி அனஹைம் டக்ஸ். எதிரில் டாட் ஃபெடரக், அவரும் அதே தொழில்காரர். பூகார்டின் வலது கை ஒரு முறை சரியாக இறங்கியது. ஃபெடரக்கின் கன்ன எலும்பு நொறுங்கியது. உலோகத் தகடு வைத்து முகத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

அதோடு பூகார்ட் லீகில் எல்லாரும் பயப்படும் ஆள் ஆனார். 'பூகிமேன்' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. நம் ஊரில் குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் பூச்சாண்டிக்கு அங்கே அதுதான் பெயர். ஃபெடரக் தகடு வைத்த முகத்தோடு அதே சீசனில் திரும்பி வந்து, 2007 மார்ச்சில் நியூயார்க்கின் கோல்ட்டன் ஆரிடம் அடிவாங்கி நினைவிழந்து ஸ்ட்ரெச்சரில் போனார். அடுத்த சீசனில் அவர் மினசோட்டா அணிக்கே வந்து சேர்ந்தார். முகத்தை உடைத்தவரும் உடைபட்டவரும் ஒரே உடைமாற்றும் அறையில். பகை இல்லை. இருவருக்கும் அது தொழில்.

ஆள் பழகுவதற்கு மென்மையானவர் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. மினசோட்டாவில் ராணுவக் குடும்பங்களுக்கு டிக்கெட் ஏற்பாடு செய்து கொடுப்பார். அவர் பனியில் இறங்கினாலே கூட்டம் எழுந்து நிற்கும். ஒரு ஆட்டத்தில் அவர் ஆடும் நேரம் சராசரியாக ஐந்து நிமிடம்தான். மற்ற நேரம் பெஞ்ச்.

இந்தப் பெஞ்ச் நேரத்தைப் பற்றித்தான் பழைய அடியாட்கள் அதிகம் பேசுவார்கள். அடி அவ்வளவாக வலிக்காது, காத்திருப்பதுதான் கொல்லும் என்பது அவர்கள் கட்சி. நாளை மறுநாள் எந்த ஊர், அந்த அணியில் யார் என்று அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். இரண்டு நாள் முன்னாலேயே தூக்கம் போய்விடும். சண்டை வராமலும் போகலாம். வராவிட்டால் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்ற பயம். கை உடைந்திருக்கிறது என்று சொன்னால் அந்த இடத்துக்கு இன்னொருவன் தயாராக இருப்பான். இப்படிப்பட்ட வேலையில் தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும்.

2007இல் ரெஜினாவில் தம்பி ஆரனோடு சேர்ந்து சிறுவர்களுக்கு ஒரு முகாம் நடத்தினார். சண்டையில் அடிபடாமல் எப்படித் தப்புவது என்று சொல்லிக்கொடுக்கும் முகாம். கலந்துகொண்டவர்களுக்குப் போலி ரத்தக் கறை தெறித்த டி-ஷர்ட். பலர் கொதித்தார்கள். எனக்கு அந்த முகாமின் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. இளையோர் லீகில் அந்தப் பையன்கள் எப்படியும் சண்டைக்கு அனுப்பப்படுவார்கள். பூகார்ட் அதை வெளிப்படையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

மாத்திரைக் கணக்கு

அப்பாவின் ஃபைல் காட்டும் 2008–09 சீசன்தான் இந்தக் கதையின் நடுப்பகுதி. அந்தச் சீசன் முடிந்து அறுவை சிகிச்சைகள். 2009 செப்டம்பரில் அவர் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். பயிற்சி முகாமில் ஆளைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு அணி சொன்ன காரணம், தலையில் அதிர்வுக் காயம்.

இந்தப் பதில் எனக்கு மறக்கவே இல்லை. உண்மையான பிரச்சினையை மறைக்க அவர்கள் கையில் எடுத்த சாக்கு, அவருடைய மற்றொரு உண்மையான பிரச்சினை.

போதைப் பழக்கத்துக்கென்று லீகும் வீரர் சங்கமும் சேர்ந்து 1996 முதல் ஒரு திட்டம் நடத்திவந்தன. பூகார்ட் அதில் இருந்தார். திரும்பி வந்து ஆடினார். திட்டத்தில் இருக்கும் ஒருவர் மறுபடி வழுக்கினால் தடை, சம்பளப் பிடித்தம் என்று படிகள் உண்டு. அவர் விஷயத்தில் அந்தப் படிகள் ஒழுங்காகக் கையாளப்படவில்லை என்பது பின்னால் குடும்பம் வைத்த குற்றச்சாட்டு.

2010 ஜூலை 1 அன்று நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை நான்கு வருடத்துக்கு 65 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. மினசோட்டாவில் அவர் காத்துநின்ற நட்சத்திரம் மரியன் கபோரிக் ஒரு வருடம் முன்பே அங்கே போயிருந்தார். அதுவரை 255 ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவருக்கு அந்தத் தொகை எதற்கு என்று எந்தக் கணக்கரும் கேட்கவில்லை. காகிதத்தில் எழுதாத வேலைக்குச் சந்தையில் விலை மட்டும் துல்லியமாக இருந்தது.

அந்த நவம்பர் 9 அன்று வாஷிங்டன் அணிக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். 2006 ஜனவரிக்குப் பிறகு முதல் கோல். இடையில் 234 ஆட்டங்கள் போயிருந்தன.

சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9, ஒட்டாவா. எதிரில் மேட் கார்க்னர். பூகார்ட் தலையில் அடிபட்டு விழுந்தார், தோளிலும் காயம். ரேஞ்சர்ஸுக்கு அது அவருடைய 22வது ஆட்டம். பிறகு அவர் ஆடவே இல்லை. வெளிச்சம் ஆகாமல் நியூயார்க் அபார்ட்மென்டில் அடைந்து கிடந்தார், மாத்திரைகளோடு. அடுத்த வசந்தத்தில் மறுபடி மறுவாழ்வு மையம், இந்த முறை கலிஃபோர்னியாவில். அங்கிருந்து சில நாள் வெளியே வர அனுமதி பெற்று மினியாபொலிஸ் வந்தவர்தான் மே 13 அன்று எழவில்லை.

மூளை சொன்னது

குடும்பம் அவர் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. அங்கே ஆன் மக்கீ என்ற நரம்பு நோயியல் நிபுணர், அடிபட்ட விளையாட்டு வீரர்களின் மூளைகளை ஆராய்ந்துவந்தார். சி.டி.இ. என்பது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள மூளைச்சிதைவு. டாவ் என்ற புரதம் மூளைத் திசுவில் திட்டுத் திட்டாகப் படியும். நினைவு, மனநிலை, கட்டுப்பாடு எல்லாம் மெல்ல ஆட்டம் காணும். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஆள் இறந்த பிறகு மூளையைச் சீவிப் பார்க்க வேண்டும்.

மக்கீயின் ஆய்வகம் அதே 2011 மார்ச்சில்தான் பாப் ப்ரோபர்ட் என்ற புகழ்பெற்ற அடியாளுக்குச் சி.டி.இ. இருந்ததை அறிவித்திருந்தது. ப்ரோபர்ட் இறந்தபோது வயது 45. டிசம்பரில் பூகார்டின் முடிவு வந்தது. 28 வயதில் அவருக்கு இருந்த சிதைவு ப்ரோபர்ட்டுடையதைவிட முற்றியிருந்தது.

இதை வைத்து 'சண்டைதான் கொன்றது' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. கொன்றது ஆக்ஸிகோடோனும் மதுவும். மூளைச்சிதைவு அந்தப் பழக்கத்தை எவ்வளவு தூரம் தள்ளிவிட்டது, பழக்கமே மூளையை எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்லும் கருவி இல்லை. லீகின் தலைவர் கேரி பெட்மன் பல வருடம் இந்த இடைவெளியில்தான் நின்றார்: தொடர்பு நிரூபணமாகவில்லை என்று. விஞ்ஞானத்தின் தயக்கம் வேறு, வக்கீலின் தயக்கம் வேறு. இரண்டும் ஒரே சொற்களில் பேசும்.

அதே கோடையில் மேலும் இரண்டு பேர் போனார்கள். ஆகஸ்ட் 15 ரிக் ரிப்பியன், வயது 27. ஆகஸ்ட் 31 வேட் பெலாக், வயது 35. இருவரும் அதே தொழில். நான்கு மாதத்துக்குள் மூன்று சாவு வந்த பிறகு இந்த வேலையைப் பற்றிப் பழைய மாதிரி சிரித்துப் பேச ஆள் குறைந்தது. 2008–09இல் 1,230 ஆட்டங்களில் எழுநூறைத் தாண்டிய சண்டைகள், பத்து வருடத்தில் முந்நூறுக்கும் கீழே இறங்கின. இதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. குறைந்த நேரமே களமிறங்கும் நாலாவது வரிசை வீரரும் வேகமாக ஓட வேண்டும் என்ற நிலை வந்தது. ஐந்து நிமிடம் ஆடுகிற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது அணிகளுக்குக் கட்டவில்லை. 2013இல் சண்டைக்கு முன் ஹெல்மெட்டைத் தானே கழற்றக் கூடாது என்றும் விதி வந்தது. ஐந்து நிமிடத் தண்டனை மட்டும் ஐந்து நிமிடமாகவே இருக்கிறது.

கோர்ட்டில்

குடும்பம் முதலில் வீரர் சங்கத்தின் மீதுதான் வழக்குப் போட்டது, 2012இல். ஒப்பந்தத்தில் மீதமிருந்த 48 லட்சம் டாலருக்காகச் சங்கம் உரிய காலத்தில் முறையிடவில்லை என்று. குடும்பமே தாமதித்துவிட்டது என்று அது தள்ளுபடியானது.

2013 மே மாதம் சிகாகோவில் லீக் மீது வழக்கு. அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஆளை இறக்கிவிட்டு, வலிக்கு மாத்திரையை அள்ளிக் கொடுத்து, அடிமையானபின் கவனிக்கத் தவறினார்கள் என்பது சாரம். வழக்கு மத்திய நீதிமன்றத்துக்கு மாறியது. குற்றச்சாட்டுகளில் ஒரு பகுதி தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்துக்குள் வருகிறது, தனி வழக்காக நிற்காது என்று விழுந்தது. கவனியுங்கள்: சண்டை போடுவது ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. சண்டையால் வந்த கேட்டைக் கேட்கப் போனால் ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது.

மிஞ்சிய பகுதி 2017 ஜூனில் விழுந்தது. மினசோட்டா சட்டப்படி இப்படிப்பட்ட மரண வழக்கை நீதிமன்றம் நியமித்த அறங்காவலர்தான் தொடுக்க வேண்டும், பெற்றோர் அப்படி நியமனம் பெறவில்லை. நீதிபதி கேரி ஃபைனர்மன் தன் தீர்ப்பிலேயே, இதை லீக் பூகார்டை நடத்திய விதத்துக்கான பாராட்டாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிவைத்தார். 2018 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடியை உறுதிசெய்தது. 622 மாத்திரை சரியா தவறா என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் வரவே இல்லை.

அதே ஆண்டு நவம்பரில், முன்னாள் வீரர்கள் வேறொரு வழக்கில் லீகோடு சமாதானத்துக்கு வந்தார்கள். மொத்தம் 189 லட்சம் டாலர், 318 பேருக்கு. சிகிச்சைச் செலவு தனி. கைக்கு வருவது ஆளுக்குச் சுமார் 22,000 டாலர். தவறு எதையும் லீக் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது.